வாசலில் ஒரு விமானம்

1949இல் சென்னை குரோம்பேட்டையில் எம்.ஐ.டி. பொறியியல் கல்லூரி தொடங்கப்பட்டது. அங்கே காட்சிக்கு நின்ற பழைய விமானங்கள் மாணவர் அப்துல் கலாமை மயக்கின. இன்று ஏரோஸ்பேஸ் படிப்பு தொடங்க நினைக்கும் கல்லூரித் தாளாளர்கள் சிலருக்கு அந்தக் கதையில் பாதி மட்டும் விளங்கியிருக்கிறது. முதலில் வாசலில் நிறுத்த ஒரு காயலான்கடை விமானம். அடுத்து கலாம் படம். பாடத்திட்டம் கடைசியில்தான். காற்றியக்கவியல், உந்துவிசை, கட்டமைப்பு என்று எட்டு செமஸ்டருக்கும் அடுக்கியாயிற்று. விண்ட் டனல்? அதான் வகுப்புக்கு நாலு மின்விசிறி ஓடுகிறதே! நாலாம் ஆண்டில் வேலை தர வருவது மென்பொருள் நிறுவனம். ஆகவே பைத்தானும் உண்டு. பெற்றோரே, பணம் கட்டுமுன் வாசல் விமானத்தோடு செல்ஃபி எடுத்துக்கொள்ளுங்கள். அப்படியே ஆய்வகத்தையும் எட்டிப் பாருங்கள்.