தக்காளிக்கு ஒரு கங்காணி

நுவரெலியாவில் மரக்கறி போட்டுத் தோற்று, அதைப் பெயரோடு எழுதியும் வைத்துவிட்டுப் போன மூத்தவர் சாமுவேல் பேக்கர். 1848இல் இங்கிலாந்திலிருந்து உயர்சாதி மாடு, செம்மறி, கலப்பை, கொல்லன், குதிரைக்காரன் என்று ஒரு ஊரையே கப்பலேற்றிக்கொண்டு வந்து இங்கே பண்ணை போட்டார். ஓட்ஸ் சில அங்குலம் தலை தூக்கியதும் ராத்திரியில் மரையும் காட்டுப்பன்றியும் வந்து மேய்ந்துவிட்டுப் போயின. காடு வெட்டிப் போட்ட மூன்று ஏக்கர் உருளைக்கிழங்கைப் புழு ஒன்று விடாமல் தின்றது. மனுஷன் வெட்கப்படாமல் இதையெல்லாம் 1855இல் புத்தகமாகப் போட்டார். பிற்பாடு ஆபிரிக்காவுக்குப் போய் ஆல்பர்ட் ஏரியைக் கண்டுபிடித்து 'சேர்' பட்டமும் வாங்கினார். மலைநாட்டில் கிழங்கு வளர்ப்பதைவிட ஆபிரிக்காவில் ஏரி தேடுவது லேசு என்பதுதான் இதில் எனக்கு விளங்குவது.

எங்களுக்கு மூன்று ஏக்கர் ஏது? தேயிலைத் தோட்டத்து லயத்துக்குப் பின்னால், தண்ணீர்ப் பீலிக்கும் கோழிக்கூட்டுக்கும் நடுவில் ஒரு துண்டு. அதிலும் காகிதத்தில் எங்கள் பெயர் கிடையாது. மானியம், கடன் என்று எங்கே போய் நின்றாலும் முதல் கேள்வி காணி உறுதிதான். அதில் போட்ட தக்காளியில் வெள்ளை ஈ மட்டும் உறுதி கேட்காமல் குடியேறுகிறது.

அது குடியேறுவதற்கும் மழைதான் காரணம். ஹட்டன் பக்கம் மே மாதம் பிடிக்கும் மழை செப்டெம்பர் வரை மனுஷனையே அழுகவைக்கும்; தக்காளி எம்மாத்திரம்? ஆகவே நாலு கம்பு நட்டு மேலே பொலித்தீன் கட்டினோம். தக்காளி நனையவில்லை. வெள்ளை ஈயும் நனையவில்லை. வெளியே கிடந்தால் மழை அடித்துக் கழுவிவிடும் பூச்சிக்கு, உள்ளே கதகதப்பு, காற்றில்லை, தலைக்கு மேல் கூரை. லயத்தில் ஒழுகாத ஒரே கூரை அதுதான் என்பதால் எனக்கே கொஞ்சம் பொறாமை.

பெயரில்தான் ஈ. சாதியில் அது அசுவினிக்கும் செதில் பூச்சிக்கும் பங்காளி. இலைக்கு அடியில் முட்டை, இலைக்கு அடியில் குஞ்சு, இலைக்கு அடியில் சம்பந்தம் என்று எல்லாம் அங்கேயே. மேலிருந்து பார்த்தால் செடி சுகமாகத்தான் தெரியும். தெரியாமல் கை பட்டால் சல்லடையில் மாவு சலித்த மாதிரி பொங்கி எழுந்து, நாம் கண்ணைத் துடைப்பதற்குள் திரும்ப அதே இடத்தில் உட்கார்ந்துவிடும். சாற்றை அளவுக்கு மீறிக் குடித்து, மிச்சத்தை இனிப்பாகக் கழிக்கும். அந்தப் பிசுக்கில் கரும்பூஞ்சணம் படரும். பிசுக்கைத் தின்ன எறும்பு வரும். வந்த எறும்பு சும்மா போகாது. வெள்ளை ஈயைத் தின்ன வரும் மற்றப் பூச்சிகளை விரட்டிக்கொண்டு நிற்கும். துரைக்கு வாட்சர் இருக்கிற மாதிரி அதற்கும் ஆள் இருக்கிறது.

வெள்ளை ஈ வந்த செய்தி லயத்தில் பரவியதும் ஈயைவிட வேகமாக ஆலோசனை பரவியது. மருந்துக்கடை முதலாளி ஒரு போத்தலை நீட்டி, "டாங்கிக்கு ரெண்டு மூடி தம்பி, அப்புறம் ஈயே இருக்காது" என்றார். டாங்கி என்ன அளவு, அடித்த பிறகு எத்தனை நாள் கழித்துக் காய் பறிக்கலாம் என்று கேட்டால், "அதெல்லாம் போத்தல்லயே இருக்கு" என்றார். இருந்தது, எறும்பு மட்டும் வாசிக்கக்கூடிய எழுத்தில். மருந்துக்குப் பழகிப்போவதில் வெள்ளை ஈக்கு நல்ல பெயர். ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் ஈயைத் தின்கிற பொறிவண்டு செத்துப்போகும், ஈ உடம்பு தேறும்.

கொழும்பில் வேலை செய்கிற மச்சான் யூடியூபில் பார்த்துவிட்டு மஞ்சள்தூள் கரைசல் அடிக்கச் சொன்னான். அவன் சொன்னது 2020இல். மஞ்சள் இறக்குமதியை நிறுத்தி, விலை கூரைக்கு மேல் ஏறி, ராமநாதபுரத்திலிருந்து படகில் மஞ்சள் மூட்டை கடத்திக்கொண்டிருந்த காலம். கறிக்கே மஞ்சள் இல்லாத வீட்டில் ஈக்கு அபிஷேகமா? வேப்பெண்ணெய் என்றார் இன்னொருவர். நல்ல யோசனைதான். ஆனால் எங்கள் குளிருக்கு வேம்பு சரியாக வராது; வடக்கே இருந்து வந்தால்தான் உண்டு.

அடுத்த வருஷம் அரசாங்கமே ஆலோசனை சொல்ல இறங்கியது. 2021 மே மாதம் இரசாயன உரத்தையும் பூச்சிமருந்தையும் இறக்குமதி செய்யத் தடை என்று வர்த்தமானி வந்தது. ஒரே ராத்திரியில் நாடு பூராவும் சேதன விவசாயம். நவம்பரில் தடையை எடுக்கும்வரை நுவரெலியா மரக்கறிக்காரர்கள் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டியதில்லை. வர்த்தமானி மூன்று மொழியில் வந்தும் வெள்ளை ஈக்கு விளங்கவில்லை.

எங்களைச் சுற்றி மலை மலையாக நிற்கிற தேயிலைக்கு மட்டும் இந்தக் கஷ்டம் இல்லை. அதற்குக் காய்ச்சல் வந்தால் பார்க்கத் தலவாக்கலையில் பெரிய ஆராய்ச்சி நிலையமே உண்டு. 1930களில் கொழுந்து இலைகளைச் சுருட்டித் தின்கிற ஒரு புழு தோட்டங்களை ஆட்டிப்படைத்தது. ஜாவாவிலிருந்து ஒரு சின்னக் குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். அது புழுவுக்குள் முட்டையிட்டது. குஞ்சுகள் புழுவை உள்ளேயிருந்தே தின்று முடித்தன. கொண்டுவந்த குளவி இங்கேயே தங்கிவிட்டது. பிற்காலத்தில் தண்டு துளைக்கிற வண்டுக்காக டீல்ட்ரின் என்ற மருந்தை அடித்தபோது வண்டோடு குளவிக்கும் ஆபத்து வந்து, அடங்கிக் கிடந்த புழு மறுபடி தலைதூக்கியது. திருடனைப் பிடிக்கப் போய்ப் பொலிஸ்காரனைச் சுட்ட கதை.

வெள்ளை ஈக்கும் அப்படி ஒரு குளவி உண்டு. 1926இல் இங்கிலாந்தில் தக்காளி வளர்த்த ஒருவர், ஈக்குஞ்சுகளில் சில கறுத்துக் கிடப்பதைக் கண்டு ஆராய்ச்சிக்காரரிடம் காட்டினார். கறுத்ததற்குள் குளவி. பிறகு அதை வளர்த்தே கண்ணாடிக்கூட விவசாயிகளுக்கு அனுப்பினார்கள். இதை வாசித்த சந்தோஷத்தில் சித்தியிடம் ஓடிப்போய், "குளவி விட்டா எல்லாம் சரியாகிடும் சித்தி" என்றேன்.

முப்பது வருஷத்துக்கு மேல் கொழுந்து பறித்து, கிலோ குறைந்த நாளில் 'அரைப் பேர்' என்று அரைநாள் சம்பளம் வாங்கி, மலையில் குளவி கொட்டி ஆஸ்பத்திரியில் படுத்திருந்த மனுஷி. கையில் இருந்த அகப்பையைக் கீழே வைக்காமலே கேட்டார்: "உன்னய இதுக்குத்தான் படிக்க வச்சமா?"

ஊசி முனை அளவுதான், மனுஷரைக் கொட்டாது என்று விளக்கினேன். "எல்லாக் குளவியும் சின்னதாத்தான் பொறக்கும்" என்றார். அதற்கு மேல் விஞ்ஞானம் பேச முடியவில்லை.

மிஞ்சியது சவர்க்காரத் தண்ணியும் மஞ்சள் அட்டையும். சவர்க்காரத்தைக் கொஞ்சமாகக் கரைத்து, வெயில் தாழ்ந்த பிறகு, இலைக்கு அடியில் அடிக்க வேண்டும். மேலே அடித்தால் இலைக்குக் குளிப்பாட்டு, ஈக்கு வேடிக்கை. பட்ட பூச்சிதான் சாகும். முட்டை பொரித்து அடுத்த கூட்டம் வரும் என்பதால் சில நாளுக்கொரு தடவை திரும்ப அடிக்க வேண்டும். துணி தோய்க்கிற பவுடரைப் போட்டால் இலை கருகும். மஞ்சள் நிறம் வெள்ளை ஈக்கு உயிர். பழைய மஞ்சள் எண்ணெய்க் கேனை வெட்டிக் கிறீஸ் பூசித் தொங்கவிட்டால் வந்து ஒட்டிக்கொள்ளும். ஆடி மாதம் விரதத்துக்கு மஞ்சள் சேலை கட்டிய அக்காமார் பீலிக்குத் தண்ணி எடுக்கப் போனால், கூடாரத்துப் பக்கம் வரவேண்டாம் என்று நான் கும்பிட்டுக் கேட்டுக்கொள்வதுண்டு. பொறியைவிட அவர்கள் மேல் அதிகம் ஒட்டியது.

குரங்கைப் பற்றிச் சொல்லாமல் போனால் அது கோபித்துக்கொள்ளும். சீத்தாஎலியவில் சீதையம்மன் கோயில் இருக்கிறது. அசோகவனம் அதுதான் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. அப்படியானால் இந்தப் பக்கத்தில் குரங்கு தோட்டம் அழித்த முதல் வழக்கும் அங்கேதான். விவசாய ஆராய்ச்சி நிலையத்தையும் அதே சீத்தாஎலியவில் வைத்திருக்கிறார்கள், தைரியசாலிகள். 2025 மார்ச் 15ஆம் திகதி, சனிக்கிழமை, காலை 8 மணியிலிருந்து 8.05 வரை நாட்டு மக்கள் எல்லாரும் அவரவர் தோட்டத்தில் நிற்கும் குரங்கு, மயில், மரஅணில்களை எண்ணச் சொல்லி அரசாங்கம் கேட்டது. தோட்டத்தில் 8 மணிக்கு வேலைக்காரர் மலையில். லயத்தில் குரங்கு. யார் யாரை எண்ணுவது? வெள்ளை ஈ அந்தப் பட்டியலிலேயே இல்லை. நல்ல வேளை, ஐந்து நிமிஷத்தில் ஓர் இலைகூட முடிந்திருக்காது.

கடைசியில் சித்திதான் களத்தில் இறங்கினார். ஓய்வுபெற்ற கை சும்மா இருக்காது. விடிந்ததும் கூடாரத்துக்குள் போய், குளிரில் ஈ மந்தமாக இருக்கும்போதே ஒவ்வொரு இலையாகப் புரட்டிப் பார்ப்பார். குஞ்சு அப்பிய அடியிலையைக் கிள்ளிப் பையில் போட்டு முடிச்சுப் போடுவார். கொஞ்சமாக இருந்தால் பெருவிரலால் ஒரு தேய்ப்பு. நான் ஓர் இலையைக் கண்ணாடி போட்டு ஆராய்வதற்குள் அவர் ஒரு வரிசை முடித்திருப்பார். ஈ குறைந்தது. எறும்பும் வேலையில்லாமல் வேறிடம் பார்த்துப் போனது.

ஒன்றுதான் சிக்கல். வளர்ந்த ஈக்கள் செடியின் நுனியில் இருக்கிற இளம் இலையில்தான் முட்டையிட உட்காரும். அதைக் கண்ட சித்தி நுனியையும் கிள்ள ஆரம்பித்தார். ரெண்டு இலை, ஒரு மொட்டு. கொழுந்து பறித்துக் கை பழகிய கணக்கு. தக்காளிச் செடிகள் மேலே போகாமல் பக்கவாட்டில் அடர்ந்து, இடுப்பளவில் ஒரே மட்டமாக நின்றன. தேயிலைச் செடிக்கு மட்டம் பார்க்கிற மட்டக்கம்பு பரணில் கிடந்ததை எடுத்துவந்து வரிசைக்கு மேல் வைத்துப் பார்த்ததையும் நான் கண்ணால் கண்டேன்.

"ஈ இல்லதான் சித்தி. காயும் இல்லயே. எல்லாமாச் சேர்த்து ஒரு கிலோ வராது" என்றேன்.

சித்தி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார். "கிலோ கொறஞ்சா என்ன? அரைப் பேராவது போடுவீல்ல?"