பெட்டிக்குள் எழுதினால் பக்கம் பேசுமா?

1995க்கு முந்தைய வலைப்பக்கம் ஒரு கல்வெட்டு. படிக்கலாம், பெருமூச்சு விடலாம், அதோடு சரி. சில பக்கங்களில் ஒரு படிவம் இருக்கும். பெயர், ஊர், போன் நம்பர் எல்லாம் பொறுமையாக நிரப்பிப் பொத்தானை அழுத்தினால், அத்தனையும் மோடம் வழியாக ஊர்ந்து எங்கோ இருக்கும் சர்வருக்குப் போகும். நீங்கள் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம். வந்தபின் சர்வர் திருவாய் மலரும்: ஊர் பெயர் விட்டுப்போச்சு. தாலுகா ஆபீஸ் குமாஸ்தாகூட மனுவைக் கையில் வாங்கும்போதே பார்த்துத் திருப்பி எறிந்துவிடுவார். இங்கே அந்தக் கருணையும் கிடையாது.

சரி, பிரவுசருக்குள்ளேயே ஒரு குமாஸ்தாவை உட்கார வைப்போம் என்று கலிஃபோர்னியாவின் மவுன்டன் வியூவில் இருந்த நெட்ஸ்கேப் கம்பெனி முடிவெடுத்தது. ஸ்கீம் என்று ஒரு மொழி. அடைப்புக்குறிகளாலேயே கட்டிய, மடி ஆசாரமான மொழி. அதில் வேலை என்று ஆசை காட்டி பிரண்டன் ஐக் என்பவரை அழைத்து வந்தார்கள். வந்து உட்கார்ந்ததும் பேச்சு மாறியது. பார்த்தால் ஜாவா மாதிரி இருக்க வேண்டுமாம். கச்சேரிக்கென்று கூப்பிட்டுவிட்டு ரெக்கார்டு டான்ஸுக்கு வாசிக்கச் சொன்ன கதை.

மனிதர் 1995 மே மாதம் பத்தே நாளில் மொழியின் முதல் வடிவத்தை முடித்துவிட்டார். பத்து நாளில் மாவடுகூட ஒழுங்காக ஊறாது. விளைவு? 'நல்' என்கிற சூனியத்தைக் காட்டி இது என்ன ரகம் என்று கேட்டால் 'ஆப்ஜெக்ட்' என்று சொல்லும் தத்துவ ஞானம் அன்றைக்கே உள்ளே புகுந்தது. இன்னும் காலி செய்யவில்லை. பெயர் முதலில் மோக்கா, பிறகு லைவ்ஸ்கிரிப்ட். அந்த வருஷம் சன் கம்பெனியின் ஜாவாவுக்கு ஏகப்பட்ட மவுசு. டிசம்பரில் பார்த்தால் பிள்ளை ஜாவாஸ்கிரிப்ட் ஆகிவிட்டது. எதிர்வீட்டுப் பண்ணையார் இனிஷியலை நாம் போட்டுக்கொள்வது போலத்தான். பண்ணையாரும் சம்மதித்திருந்தார் என்பதுதான் விசேஷம்.

குமாஸ்தாவுக்குக் காதுகள் வந்தன. ஆன்கிளிக் என்றால் அழுத்தினதும் இதைச் செய். ஆன்சேஞ்ச் என்றால் பெட்டியில் எழுத்தை மாற்றிவிட்டு வெளியே வந்ததும் இதைச் செய். ஆன்சப்மிட் என்றால் படிவம் கிளம்பும் முன் வாசலில் நிறுத்திச் சோதனை போடு. காது சரி, வாய்? பயனர் எழுதிய பெயரைப் பக்கத்தில் காட்ட அன்றைக்கு இருந்த வழிகள் பரிதாபம். அலர்ட் பெட்டியைத் தூக்கி மூஞ்சியில் அடிக்கலாம். இன்னொரு டெக்ஸ்ட் பாக்ஸுக்குள் எழுதலாம், அதாவது விடைத்தாளைக் கேள்வித்தாளிலேயே ஒட்டலாம். ஸ்டேட்டஸ் பாரில் பஸ் போர்டு மாதிரி ஓட விடலாம். அந்தப் பாவத்தை ஊரே செய்தது. டாக்குமென்ட் டாட் ரைட் என்றும் ஒன்று உண்டு. பக்கம் முழுசாக வந்து இறங்கியபின் பொத்தான் வழியாக அதைக் கூப்பிட்டால் 'வணக்கம் முருகன்' என்று எழுதும். ஆனால் அதற்கு முன் படிவம், தலைப்பு, அழுத்திய பொத்தான் எல்லாவற்றையும் துடைத்துவிடும். பெயர்ப்பலகை மாட்டச் சொன்னால் வீட்டை இடித்துவிட்டு மாட்டுகிற கொத்தனார்.

1997 செப்டம்பர் கடைசியில் மைக்ரோசாஃப்ட் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 4 வெளியிட்டது. இன்னர் ஹெச்டிஎம்எல் என்று ஒரே வார்த்தை. பக்கத்தில் எந்த மூலையிலும் வீட்டை இடிக்காமல் எழுதலாம். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். வெளியீட்டு விழா முடிந்த ராத்திரி, ஆளுயரத்துக்கு மேலான 'ஈ' எழுத்துச் சின்னத்தைக் கொண்டுபோய் நெட்ஸ்கேப் ஆபீஸ் புல்தரையில் இறக்கிவிட்டு வந்தார்கள். நெட்ஸ்கேப்காரர்கள் அதைக் கவிழ்த்து, மேலே தங்கள் மொஸில்லா டைனோசரை நிறுத்தி, பிரவுசர் சந்தையில் நெட்ஸ்கேப் பங்கு 72 சதவீதம், மைக்ரோசாஃப்ட் பங்கு 18 என்ற கணக்கில் '72, 18' என்று அட்டை மாட்டினார்கள். சில வருஷத்தில் கணக்கு தலைகீழானது வேறு விஷயம். உலகத்தின் தகவல் புரட்சியை நடத்தியவர்கள் இவர்கள்தான்.

இதே ஜனங்கள் ஒரு கிளிக்குக்கும் அடித்துக்கொண்டார்கள். பெட்டிக்குள் பெட்டி, அதற்குள் ஒரு பொத்தான். அதைத் தொட்டால் சேதி முதலில் யாருக்கு? நெட்ஸ்கேப் கட்சி: முதலில் திண்ணையில் இருக்கும் தாத்தாவுக்கு, அப்புறம் படிப்படியாகக் கீழே. மைக்ரோசாஃப்ட் கட்சி: தொடப்பட்ட குழந்தைதான் முதலில் கத்தும், பிறகு அம்மா, கடைசியில் தாத்தா. டபிள்யூ3சி என்கிற பஞ்சாயத்து 2000 நவம்பரில் தீர்ப்புச் சொன்னது: தாத்தாவிடமிருந்து கீழே இறங்கு, பிறகு மேலே ஏறு, யார் எப்போது கேட்பது என்பதை ட்ரூ, ஃபால்ஸ் என்று எழுதிக்கொள். ஆட் ஈவன்ட் லிசனர் என்ற அந்த ஏற்பாட்டை மைக்ரோசாஃப்ட் ஏற்றுக்கொண்டது 2011இல், ஒன்பதாம் பதிப்பில். அதுவரை எங்களைப் போன்ற கூலிகள் எல்லாவற்றையும் இரண்டு தடவை எழுதினோம்.

நான் எழுதிய முதல் பக்கத்தில் பெயர் கேட்டு, பொத்தானை அழுத்தினால் 'வணக்கம்' வர வேண்டும். வந்தது. கண் சிமிட்டுவதற்குள் போனது. பெட்டியும் காலி. கம்ப்யூட்டரில் கோளாறு என்று பிரவுசிங் சென்டர் அண்ணனிடம் சண்டை போட்டு, அரை மணி காசைத் திரும்பக் கேட்டேன். படிவத்துக்குள் இருக்கும் பொத்தான் அழுத்தினதும் சப்மிட் ஆகும், பக்கம் புதிதாக இறங்கும், ஆன்சப்மிட்டில் 'ரிட்டர்ன் ஃபால்ஸ்' போட்டுத் தடுக்க வேண்டும் என்று அவர்தான் சொல்லிக்கொடுத்தார். காசு கொடுக்கவில்லை.

இன்னர் ஹெச்டிஎம்எல்லுக்கு ஒரு குணம்: கொடுத்ததை வெறும் எழுத்தாகப் பார்க்காது, பக்கத்தின் பாகமாகவே முழுங்கும். பயனர் பெயருக்குப் பதில் கட்டளையை எழுதினால்? பயனர்கள் தங்கள் பக்கத்தைத் தாங்களே எழுதிக்கொள்ள விட்ட மைஸ்பேஸ் தளம், இதே மாதிரி ஆபத்துக்குப் பயந்து, 'ஜாவாஸ்கிரிப்ட்' என்ற சொல் தென்பட்டாலே வெட்டியது. 'இன்னர் ஹெச்டிஎம்எல்' என்றாலும் வெட்டியது. 2005 அக்டோபரில் சாமி கம்கார் என்ற 19 வயதுப் பையன் 'ஜாவா' என்று ஒரு வரி, 'ஸ்கிரிப்ட்' என்று அடுத்த வரி போட்டான். இன்னர் ஹெச்டிஎம்எல்லையும் இரண்டு துண்டாக நறுக்கி உள்ளே போய் ஒட்டவைத்தான். காவல்காரன் முழுப் பெயரைத் தேடிக்கொண்டே நின்றான். அவன் பக்கத்தைப் பார்த்தவர்கள் தங்களுக்கே தெரியாமல் அவனுக்கு நட்பு விண்ணப்பம் அனுப்பினார்கள். அந்த வரிகள் அவர்கள் பக்கத்திலும் தொற்றிக்கொள்ள, அதைப் பார்த்தவர்களும் அனுப்பினார்கள். ஒரு நாள் முடிவதற்குள் பத்து லட்சம் தாண்டியது. கோர்ட்டில் நன்னடத்தைக் கண்காணிப்பும் சமூக சேவையும் விதித்தார்கள், கம்ப்யூட்டர் பக்கம் போகக் கட்டுப்பாடும் போட்டார்கள். 'உங்களைப் பற்றி எழுதுங்கள்' என்று பெட்டி வைத்துக் கேட்டதற்கு எழுதியவன் அவன்.