நாளைக்கு எந்தப் பக்கம்?

லண்டனில் குற்றவியல் வழக்காடும் இளம் பாரிஸ்டருக்கு நாளைய பொழுது இன்று மாலை ஐந்தரைக்குத்தான் தெரியவரும். லூட்டனா மெய்ட்ஸ்டனா, கோப்பு இருபது பக்கமா இருநூறு பக்கமா, திருடியதாகச் சொல்லப்படுகிறவரைக் காப்பாற்றப் பேச வேண்டுமா, உள்ளே தள்ளப் பேச வேண்டுமா என்பதெல்லாம் அதுவரை கடவுளுக்கும் எங்கள் கிளார்க்குக்கும் மட்டுமே வெளிச்சம். கிளார்க் என்றதும் மேசையில் குனிந்து கணக்கெழுதும் ஒருவரை நினைத்துவிடாதீர்கள். எங்களில் பெரும்பாலானோருக்கு முதலாளி கிடையாது. பலர் சேர்ந்து ஒரு சேம்பர்ஸை நடத்துகிறோம். எங்களுக்கு வழக்குப் பிடித்துத் தந்து, கட்டணம் பேசி, எங்களை ஊர் ஊராக அனுப்புகிறவர் கிளார்க். அவர் என்னை 'மிஸ்' என்பார். நான் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவேன். மரியாதை என் பக்கம், வருமானம் அவர் பக்கம்.

பாரிஸ்டர் வேறு, சொலிசிட்டர் வேறு என்பதை என் பெரியம்மாவுக்கு விளக்க அரை நிமிடம்கூட ஆகவில்லை. 1970களின் தொடக்கம் வரை இலங்கையிலும் இதே ஏற்பாடுதானே! ஆளைச் சந்தித்து வழக்கைக் கட்டுகிறவர் பெறக்கிராசி. கோர்ட்டில் எழுந்து நின்று பேசுகிறவர் அப்புக்காத்து. "எங்கட பிள்ளை அப்புக்காத்து" என்று ஊர் முழுக்கத் தொலைபேசியில் சொல்லி முடித்துவிட்டார். அவருக்குப் பிடிபடாதது ஒன்றே ஒன்று.

"நீ கள்ளன்ர பக்கமோ, பொலிஸின்ர பக்கமோ?"

"ரெண்டும்தான் பெரியம்மா."

"ஒரே வழக்கிலையோ?"

"இல்லை. திங்கட்கிழமை ஒண்டு, செவ்வாய்க்கிழமை மற்றது."

கொஞ்சம் யோசித்தார். "எந்த நாளில காசு கூட?" என்று கேட்டார். இவரல்லவா பாரிஸ்டராகியிருக்க வேண்டும்!

ஜூனியர் என்று என்னைச் சொல்வதும் அவருக்குப் பிடிக்கவில்லை. அதில் அவமானம் ஒன்றுமில்லை. மன்னரின் வழக்கறிஞர் என்ற பட்டம் கிடைத்துப் பட்டு அங்கி போடும்வரை, தலை முழுக்க நரைத்தாலும் ஜூனியர்தான். பேரப்பிள்ளை கண்ட ஜூனியர்களோடு நான் உடைமாற்றும் அறையில் கண்ணாடிக்கு முண்டியடித்திருக்கிறேன்.

அந்தக் கண்ணாடி பொய்முடிக்காக. குதிரை மயிரில் செய்தது. தட்டில் எடுத்து வைத்தால் இடியப்பம் என்று சொதி ஊற்றிவிடுவார்கள். முன்பெல்லாம் மாவு தூவி, பசை தடவிச் சுருட்ட வேண்டியிருந்ததாம். 1822இல் ஹம்ஃப்ரி ரேவன்ஸ்க்ராஃப்ட் என்பவர் சுருள் கலையாத, மாவு தேவைப்படாத முடிக்குக் காப்புரிமை வாங்கினார். அவர் குடும்பத்தின் பெயரைச் சுமக்கும் கடை இன்னும் சான்சரி லேனில் இருக்கிறது. பெயர் பொன்னெழுத்தில் பொறித்த கறுப்புத் தகரப் பெட்டியோடு வாங்கினால், பல மாத ரயில் கட்டணம் அங்கேயே போய்விடும். இவ்வளவு கொடுத்தும் புது முடியில் ஒரு சிக்கல்: வெள்ளை வெளேரென்று இருக்கும். பழுத்து மஞ்சளேறிய முடிதான் அனுபவத்தின் அடையாளம். தேநீரில் ஊறவைத்தால் பத்து வருட அனுபவம் ஒரே இரவில் வந்துவிடும் என்று ஒரு வதந்தி உலவுகிறது. பார்த்தவர் யாருமில்லை, ஆனால் சிலருடைய முடி சந்தேகத்துக்கு இடமளிக்கிறது.

மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் இந்த முடி கிடையாது. அங்கே நான் யார் என்பதை முகத்தை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். 2020இல் அலெக்சாண்ட்ரா வில்சன் என்ற இளம் கறுப்பினப் பாரிஸ்டரை ஒரே நாளில் மூன்று தடவை குற்றம் சாட்டப்பட்டவர் என்று எண்ணி நிறுத்தினார்கள். பிறகு மேலிடத்திலிருந்து மன்னிப்புக் கேட்டார்கள். எனக்கு அவ்வளவு பெரிய இடம் கிடைத்ததில்லை. "மொழிபெயர்ப்பாளர்கள் அந்தப் பக்கம் இருக்க வேண்டும்" என்பதோடு நின்றுவிடுவார்கள். ஒரு பொலிஸ்காரர் சாட்சியம் அளித்த விதத்தைப் பார்த்தபோது, அந்த வேலையையும் சேர்த்துச் செய்திருக்கலாம் என்று தோன்றியது.

அரசுத் தரப்பு நாளைச் சொல்கிறேன். 1986 வரை பெரும்பாலான வழக்குகளைப் பொலிஸே பார்த்துக்கொண்டது. அந்த ஆண்டில்தான் கிரவுன் ப்ராசிக்யூஷன் சர்வீஸ் வேலையைத் தொடங்கியது. அவர்களுடைய சொந்த ஆட்கள் போதாத நாட்களில் எங்களைப் போன்றவர்களுக்கு அழைப்பு வரும். ஒரே அறையில், ஒரே நாளில், நாலைந்து விசாரணைகள். அத்தனையும் நடத்த நேரம் இராது என்று பட்டியல் போட்டவருக்கும் தெரியும். சாட்சி வராமலோ, எதிரி வராமலோ பாதி வழக்குகள் தாமாக உதிர்ந்துவிடும் என்ற கணக்கில்தான் பட்டியல் போடுகிறார்கள். அந்தக் கணக்கு பொய்த்து எல்லோரும் ஒழுங்காக வந்து நிற்கும் நாள்தான் பேரிடர்.

காலை ஒன்பதே காலுக்குள் சாட்சிகளைக் கண்டுபிடிக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் வேலியைப் பிடுங்கி அடித்தார் என்று முறையிட்டவர், அதே பக்கத்து வீட்டுக்காரரோடு வாசலில் சிகரெட் பிடித்துக்கொண்டிருப்பார். பொலிஸ்காரரின் உடற்கமரா பதிவு என் கணினியில் ஓடும், பொலிஸ்காரரின் கணினியில் ஓடும். நீதிமன்றத் திரையில் மட்டும் ஒருவரின் சப்பாத்து ஐந்து நிமிடம் அசையாமல் நிற்கும். மேடையில் மூன்று மாஜிஸ்திரேட்டுகள், சம்பளம் வாங்காத பொதுமக்கள். சட்டம் சொல்லிக்கொடுக்க அவர்களுக்கு ஓர் ஆலோசகர் உண்டு. எனக்குச் சட்டம் சொல்லிக்கொடுக்க யாரும் இல்லை என்பதால், அந்த ஆலோசகரின் புருவத்தைப் பார்த்துக்கொண்டே பேசுவேன்.

மறுநாள் பிரதிவாதி தரப்பு. நிலவறைக் கூண்டில் கட்சிக்காரரைச் சந்திப்பதோடு ஆரம்பம். சிறை வண்டி வந்து சேர்ந்திருந்தால், அதாவது. "நீங்கள்தான் வக்கீலா, இல்லை அவர் பின்னால் வருகிறாரா?" என்பது அநேகமாக முதல் கேள்வி. நான்தான் என்றதும் அவர் முகத்தில் வருவது ஏமாற்றமல்ல, இரக்கம். குற்றத்தை ஒப்புக்கொண்டவராக இருந்தால் தண்டனையைக் குறைக்கச் சொல்லிப் பேசுவதற்கு விஷயம் கேட்பேன். எப்படியோ எல்லோருடைய காதலியும் அப்போது கர்ப்பமாக இருப்பார். எல்லோருக்கும் வரும் திங்கட்கிழமை புது வேலை தொடங்கவிருக்கும். இந்த நாட்டின் மக்கள்தொகையும் பொருளாதாரமும் எங்கள் கட்சிக்காரர்களை நம்பித்தான் வளர்கின்றன. இதை நீதிபதியிடம் முகம் சிரிக்காமல் சொல்வதற்குத்தான் பியூப்பிலேஜ் என்ற ஓராண்டுப் பயிற்சியில் பழக்குகிறார்கள்: முதல் ஆறு மாதம் சிரிக்காமல் இருப்பவரைப் பார்ப்பது, இரண்டாவது ஆறு மாதம் நாமே சிரிக்காமல் இருப்பது.

ஒருமுறை திங்கட்கிழமை நான் அரசுத் தரப்பு. மேடையில் மூன்று மாஜிஸ்திரேட்டுகளுக்குப் பதில் ஒரே ஒரு மாவட்ட நீதிபதி. "கமரா பொய் சொல்லாது" என்று அழுத்தமாகச் சொல்லி அமர்ந்தேன். செவ்வாய்க்கிழமை அதே அறை, அதே மாவட்ட நீதிபதி, நான் எதிர்ப்பக்கம். "மங்கலான படம், தலையை மூடிய ஹூடி, இதில் யாரை அடையாளம் காண்பது?" என்றேன். நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நேற்று ஒரு திறமையான வழக்கறிஞர் இதற்கு நேர்மாறாக வாதாடினார். அவரை நான் நம்பிவிட்டேனே!" என்றார். "அவருக்கு நேற்று நல்ல படம் கிடைத்திருந்தது, சார்" என்றேன். கட்சிக்காரர் விடுதலையானார்.

இதில் முரண் ஏதுமில்லை. டாக்சி வரிசை விதி என்று எங்களுக்கொரு விதி இருக்கிறது: உன் நேரமும் அனுபவமும் பொருந்தினால், ஆளைப் பிடிக்கவில்லை என்று வழக்கைத் தள்ள முடியாது. யார் சொல்வது உண்மை என்று நான் நம்பவும் வேண்டியதில்லை. அதற்குப் பன்னிரண்டு ஜூரர்களையோ மாஜிஸ்திரேட்டுகளையோ உட்கார வைத்திருக்கிறார்கள். எந்தப் பக்கம் நின்றாலும் மாறாத ஒன்று உண்டு. 1935இல் ரெஜினால்ட் வுல்மிங்டன் என்ற இருபத்தொரு வயதுப் பண்ணைத் தொழிலாளி, மனைவியைச் சுட்டதாகத் தூக்குத் தண்டனை பெற்றிருந்தார். துப்பாக்கி தவறி வெடித்தது என்பது அவர் கட்சி. அதை அவர் நிரூபிக்க வேண்டியதில்லை, கொலை என்று அரசுதான் நிரூபிக்க வேண்டும் என்று சொல்லிப் பிரபுக்கள் சபை அவரை விடுவித்தது. திங்கட்கிழமை அந்தச் சுமை என் தோளில். செவ்வாய்க்கிழமை, சுமக்கிறவர் எங்கே தடுக்குவார் என்று பார்த்துக்கொண்டிருப்பேன். முதல் நாள் சுமந்தவளுக்குத்தான் அந்த இடங்கள் தெரியும்.

ஜூரர்கள் அமரும் கிரவுன் நீதிமன்றத்துக்குப் போனால் காத்திருப்பும் ஒரு கலை. 'மிதக்கும்' விசாரணை என்று பட்டியலில் போட்டிருந்தால், எந்த அறை காலியாகிறதோ அங்கே நடக்கும். காலியாகாவிட்டால் அடுத்த வருடம் பார்க்கலாம். 2024 முடிவதற்குள் தேங்கிய வழக்குகள் 70,000ஐத் தாண்டிவிட்டன. ஸ்னேர்ஸ்புரூக் நீதிமன்றம் ஒரு காலத்தில் அநாதைக் குழந்தைகள் இல்லம். முன்னால் அழகான ஏரி. மிதக்கிற வழக்கும் மிதக்கிற அன்னங்களுமாக அங்கே ஒரு பகல் போய்விடும். காசு? 2022இல் நாங்கள் பொய்முடியும் அங்கியுமாக ஓல்ட் பெய்லி நீதிமன்ற வாசலில் நின்று வேலைநிறுத்தம் செய்தபோது, தொடக்க மூன்றாண்டுகளில் ஒருவரின் நடுமட்ட வருமானம் செலவு போக ஆண்டுக்கு 12,200 பவுண்டு என்ற எண்ணைத்தான் முழங்கினோம். அரசு தரும் சட்ட உதவிக் கட்டணத்தில் 15 சதவீத உயர்வோடு அக்டோபரில் வேலைக்குத் திரும்பினோம். பெரியம்மா கேட்ட கேள்விக்கு இதுதான் பதில்: எந்த நாளிலும் இல்லை.

ஆனால் இலவச ஆலோசனைக்குக் கிராக்கி குறைவதில்லை. போன மாதம் ஒரு பூப்புனித நீராட்டு விழாவில் மாமா ஒருவர் வடைத் தட்டோடு வந்து என்னை மடக்கினார். வேகமாக ஓட்டி ஓட்டி லைசென்ஸில் மூன்று வருடத்துக்குள் பன்னிரண்டு புள்ளி சேர்ந்துவிட்டது. ஆறு மாதம் ஓட்டத் தடை வரும். விதிவிலக்கான இடர்ப்பாடு என்று காட்டினால் தப்பலாம். தன் கஷ்டத்தைவிடத் தன்னை நம்பியிருப்பவர்களின் கஷ்டத்தைச் சொன்னால் இன்னும் நல்லது என்றேன்.

"இருக்குப் பிள்ளை! மாமியை ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஈலிங் அம்மன் கோயிலுக்கு நான்தான் கொண்டுபோறன். நான் இல்லாட்டி அவ பாவம், என்ன செய்வா?"

பழக்கதோஷத்தில் அரசுத் தரப்பு விழித்துக்கொண்டது. "பஸ் இல்லையோ மாமா?"

பின்னால் பாயசம் குடித்துக்கொண்டிருந்த மாமி திரும்பினார். "ஆர் கொண்டுபோறது? நான் எப்பவும் பஸ்ஸிலதானே போறன். இவர் வெள்ளிக்கிழமையில கிரிக்கெட் பாத்துக்கொண்டு படுத்திருப்பார்."

மாமா தட்டைக் கீழே வைத்தார்.

"பிள்ளை, இவவைச் சாட்சியாப் போடாதை."