உழைக்கும் மைப்பேனா: பரபக்கமும் சுபக்கமும்

தினமும் சட்டைப்பையில் குத்திக்கொண்டு ஆபீசுக்குப் போய், பதிவேடு எழுதி, கையெழுத்துப் போட்டு, மறுபடி வீட்டுக்கு வந்து சேரக்கூடிய மைப்பேனா எது, அது எத்தனை காலம் உழைக்கும் என்பதே இங்கு எடுத்துக்கொண்ட பொருள். பால்பாயிண்ட்டும் ஜெல்லும் ஆய்வெல்லைக்கு வெளியே நிற்பவை. அவையும் எழுதத்தானே செய்கின்றன என்று கேட்பவருக்கு விடை சொல்ல இடம் போதாது, மனமும் இல்லை.

சித்தாந்த நூல்களின் முறைப்படி முதலில் பிறர் கொள்கையை எடுத்துச் சொல்லி மறுப்போம், அது பரபக்கம். பிறகு நம் கொள்கையை நிறுவுவோம், அது சுபக்கம். பிறர் கொள்கை தானாக விழுந்துவிட்டால் நல்லது. விழாவிட்டால் தள்ளிவிடலாம்.

பரபக்கத்தில் முதலில் வருபவர் தங்கநிப்பர். தங்கம் துருப்பிடிக்காது, ஆகவே தங்க நிப்பு தேயாது என்பது இவர்கள் கட்சி. துருப்பிடிக்காது என்பது வரை நமக்கும் உடன்பாடே. 14 காரட் நிப்பில் நூற்றுக்கு ஐம்பத்தெட்டுக்கு மேல் தங்கம். அமில மைகூட அதனிடம் வாலாட்டாது. ஆனால் தாளில் உரசுவது தங்கமன்று. நிப்பின் நுனியில் ஒட்டவைத்திருக்கும் கடின உலோகப் பொட்டு. கடைக்காரர் அதை இரிடியம் என்பார். இப்போது வருகிற பலவற்றில் இரிடியம் கிடையாது, வேறு கலப்பு உலோகம்தான். பெயர் மட்டும் பரம்பரைச் சொத்தாக நிற்கிறது. அதே பொட்டு எஃகு நிப்பிலும் உண்டு. தேய்வது பொட்டு என்றால், தங்கத்துக்குக் கொடுத்த பணம் காப்பாற்றியது எதை? பெருமையை. பெருமை இவ்வாய்வு ஒப்புக்கொண்ட அளவைகளுள் ஒன்றன்று. தவிர, கீழே விழும்போது இரு நிப்புகளும் பேதமின்றி மூக்குக் குத்தியே விழுகின்றன. வளைந்தது உள்ளூர்ப் பேனாவின் எஃகு நிப்பானால், ஒரு வேளை டிபன் காசில் புதிது செருகலாம். தங்கமானால் செலவை வீட்டில் சொல்லவே முடியாது.

அடுத்தவர் உடல்வாதிகள். பேனாவின் ஆயுள் அதன் உடம்பில் இருக்கிறது என்பவர்கள். இவர்களுள்ளும் பிரிவு உண்டு. எபோனைட்டர் பழமைவாதிகள். ரப்பரில் கந்தகத்தை நிறையச் சேர்த்துச் சூடேற்றிக் கெட்டிப்படுத்தினால் எபோனைட். கடைசல் இயந்திரத்தில் அதைக் கடைந்து பேனா செய்வார்கள். சுதேசிப் பொருளாகக் காந்தியிடம் போய்ச் சேர்ந்த ராஜமுந்திரி ரத்னம் பேனாவும், பாரிமுனை ஜெம் அண்ட் கோவின் காமா பேனாவும் இந்த மரபினர். எபோனைட் பிடிக்க வெதுவெதுப்பாக இருக்கும், வியர்வையில் வழுக்காது, மை அதை அரிக்காது. வெயில் பட்டால் கறுப்பு மங்கிப் பழுப்பேறும். அது குற்றமாகாது, ஊழியருக்கும் அப்படித்தான். பித்தளையர் கட்சி கனமானது. அதன் முழு விளைவையும் சட்டைப்பையின் தையலில் காணலாம்.

பிளாஸ்டிக்கர் சொல்வதை மட்டும் அப்படித் தள்ள முடியவில்லை. 1980இல் ஜெர்மனியில் வந்த லாமி சஃபாரி, பத்து முதல் பதினைந்து வயதுப் பிள்ளைகளை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது, உடம்பு ஏ.பி.எஸ்., லெகோ கட்டைகளுக்கு உள்ள அதே பிளாஸ்டிக். இங்கே ஓர் உண்மை வெளிப்படுகிறது. பேனாவின் உறுதியைச் சோதிக்க ஏழாம் வகுப்பை விஞ்சிய சோதனைச்சாலை உலகில் இல்லை. நம்மூர்ப் பையன் நிப்பின் பிளவைப் பிளேடால் கீறினான். இறுகிய கழுத்தைப் பல்லால் கடித்துத் திருகினான். மை வராவிட்டால் முன் பெஞ்சுக்காரன் முதுகை நோக்கி உதறினான். வழிந்தால் தலைமுடியில் துடைத்தான். இத்தனைக்கும் ஈடுகொடுத்தது சீனத்து ஹீரோ 616. 1941இல் கடைக்கு வந்த அமெரிக்கப் பார்க்கர் 51இன் சாயலில் செய்தது அது. நிப்பை முக்காடிட்டு மூடிவைத்தால் மை சீக்கிரம் உலராது என்பது பார்க்கரின் தத்துவம். உலராததோடு, பிளேடும் எளிதில் எட்டாது என்பது நம் வகுப்பறைகள் சேர்த்த விளக்கவுரை.

ஹீரோவும் கடைசியில் மூடியில்தான் தோற்றது. நிப்பு, உடம்பு என்று வாதிட்டவர் எவரும் மூடியைக் கவனிக்கவில்லை. அழுத்தி மூடுகிற பேனாவில், உள்ளே பிடித்துக்கொள்ளும் சிறு தகடுகள் நாளடைவில் தளரும். அப்புறம் குனிந்த இடத்தில் பேனா விழும், மூடி மட்டும் விசுவாசமாகப் பையில் இருக்கும். திருகுமூடிக்கு இந்த நோய் இல்லை. ஆனால் வரிசையில் முப்பது பேர் நிற்கும்போது ஒவ்வொரு கையெழுத்துக்கும் திருகித் திறந்து மூட முடியாது. பச்சை மையில் கையெழுத்திடும் அதிகாரிகள் இதனால்தான் திறந்த பேனாவைக் கையிலேயே வைத்துக்கொண்டு நம்மை ஏறிட்டுப் பார்க்கிறார்கள். அதைக் கோபம் என்று மக்கள் தவறாக எண்ணுகின்றனர்.

பேனா கக்குவது பற்றி ஒரு சொல். மை நேராக உடம்புக்குள் ஊற்றும் பேனாவில் பாதி காலியானதும் மீதி இடத்தில் காற்று நிற்கும். கைச்சூட்டில் அது விரியும், விரிந்த காற்று மையைத் தள்ளும், மை சொட்டும். சித்திரை, வைகாசியில் சொட்டுவதற்குக் கைகூட வேண்டாம். இதைப் பேனாவின் குற்றமாகச் சொல்வது பௌதிகத்தின்மேல் புகார் மனு கொடுப்பதாகும். நிரப்பியே வைத்திருப்பவர் பேனா கக்குவதில்லை.

நிப்பின் அகலத்தைச் சோதிக்கக் கடையில் பிள்ளையார் சுழி போடுவது மரபு. ஒரு வளைவு, ஒரு கிடைக்கோடு. பக்தி, பொறியியல் இரண்டுக்கும் பொருந்தும். ஆயினும் போதாது. பதிவேட்டுக் கட்டத்தின் உயரத்தில் ‘ஞ’ எழுதிப் பார்க்க வேண்டும். சுழிக்குள் வெள்ளை தெரிந்தால் வாங்கலாம். ஐரோப்பிய மீடியம் அரசாங்கத் தாளில் ஊறி அச்சுழியை அடைத்துவிடும். ஜப்பானிய ஃபைன் அதே பெயருள்ள ஐரோப்பிய ஃபைனைவிடப் பொதுவாக மெல்லியது. தமிழ்ச் சுழிகளுக்கு உகந்தது.

இனி சுபக்கம். பேனா உழைப்பால் சாவதில்லை, மரியாதையால் சாகிறது. பணி ஓய்வு விழாவில் வெல்வெட் பெட்டியில் வைத்துக் கொடுத்த பேனாக்களைப் பீரோவில் தேடுங்கள். ஒருமுறை மை நிரப்பி, ஒரே ஒரு கையெழுத்துப் போட்டு, “நல்ல நாளைக்கு வெச்சுக்கலாம்” என்று உள்ளே போனவை அவை. உள்ளே நீர் ஆவியாகிப் போக, நிப்புக்கு மை கொண்டுவரும் கட்டையின் நுண்வழிகளில் சாயம் கெட்டியாகப் படிந்திருக்கும். கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்த மை நம் முன்னோருக்குத் தெரியும். இரும்புச்சத்துள்ள மேல்நாட்டு மையின் வேதியியலும் அதுதான். காற்றுப் பட்டுக் கறுத்து, தாளில் அசையாமல் நிற்பது அதன் குணம். அவ்வகை மையோடு பீரோவுக்குள் போன எஃகு நிப்புக்குச் சங்குதான். தினமும் எழுதுகிற பேனாவிலோ மை ஓடிக்கொண்டே இருக்கிறது, படிய நேரமில்லை. ஆகவே விலை கூடினால் மரியாதை கூடும், மரியாதை கூடினால் ஆயுள் குறையும் என்பது நம் துணிபு. மேசையோடு உட்கார்ந்து எழுதுபவர் எஃகு நிப்பும் திருகுமூடியும் உள்ள எபோனைட் வாங்குக. வெளியே அலைபவர், மையை உறிஞ்சி வைக்கும் கன்வெர்ட்டர் பொருத்திய பிளாஸ்டிக் வாங்குக. தொலைந்தால் இரண்டு நாள் வருந்தி மூன்றாம் நாள் வேறொன்று வாங்கக்கூடிய விலையே சரியான விலை.

இதற்கு ஒரு தடை எழுப்பப்படும்: சரஸ்வதி பூஜையன்று பேனாவைத் தொடக்கூடாதே, அது மரியாதை ஆகாதா? ஆகும், ஒரு நாள் மரியாதையைப் பேனா தாங்கும். சந்தனமும் குங்குமமும் மூடியின்மேல், மூடி மூடியிருக்கையில் வைக்கப்பட வேண்டும். பக்தி மிகுதியால் நிப்பிலேயே வைத்தவர்கள் மறுநாள் காலை கழுத்தைக் கழற்றிப் பச்சைத் தண்ணீரில் ஊறப்போடுக. வெந்நீர் கூடாது, எபோனைட் நிறம் மாறும்.