லேசா ராவினா உட்கார்ந்துடும்

காண்டெஸா வைத்திருப்பவரிடம் "என்ன எஞ்சின்?" என்று கேட்பதற்கு முன் ஒரு நாற்காலி பார்த்து உட்கார்ந்துகொள்ளுங்கள். 1980-களில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் இறக்கிய அந்த வண்டியின் உடம்பு, பிரிட்டனின் வாக்ஸ்ஹால் வழி. முதலில் உள்ளே இருந்ததோ அம்பாசடர் எஞ்சின். பிறகு ஜப்பானின் இசுசு 1.8 லிட்டர் வந்தது, போதாததற்கு டீசலும் வந்தது. காண்டெஸா என்ற பெயர் மட்டும் மாறவில்லை.

2002-உடன் உற்பத்தி நின்றது. உதிரிபாக வேட்டை அன்றுதான் சூடு பிடித்தது.

சென்னை ஜி.பி. ரோட்டிலோ புதுப்பேட்டையிலோ ஒரு கிளட்ச் பிளேட் கேட்டுப் பாருங்கள். "இல்லை" என்று சொல்வது தொழில் தர்மம் அல்ல. "இதுவும் அதேதான் சார், லேசா ராவினா உட்கார்ந்துடும்." விட்டம் சரியாகத்தான் இருக்கும். ஆனால் நடுத்துளையின் பற்கள் கியர்பாக்ஸ் தண்டின் பற்களோடு எண்ணிக்கையில் ஒத்துப்போக வேண்டுமே! பத்துப் பற்களை எந்த அரம் கொண்டு ராவினாலும் இருபத்திரண்டு ஆகாது. (கடைக்காரர் இதை ஒரு அபிப்பிராயமாக மட்டுமே ஏற்பார்.)

மெக்கானிக்கிடம் வேறு தீர்வு உண்டு: பிளேட்டுக்குப் பொருந்துகிற கியர்பாக்ஸ். அடுத்து, கியர்பாக்ஸுக்குப் பொருந்துகிற எஞ்சின். எஞ்சின் மாறினால் ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி ஆர்.சி. புத்தகத்தில் ஏற்ற வேண்டுமே என்று இழுத்தால், அதற்கும் ஆள் இருக்கிறாராம்.