வலம்புரி ரம்பம்

வீட்டுப் பிள்ளையாருக்கு ஒரு மாடம் செய்யலாம் என்று கிளம்பினேன். டாலஸ் இந்தியக் கடைகளிலேயே கிடைக்கிறதே என்றாள் மனைவி. கிடைக்கும்தான். ஆனால் கடையில் வாங்கினால் மேஜை ரம்பம் வாங்க என்ன காரணம் சொல்வது?

ரம்பத்தில் முதல் கேள்வியே வில்லங்கம்: பிளேடு இடப்பக்கம் சாய வேண்டுமா, வலப்பக்கமா? நேராக அறுக்கும்வரை இரண்டும் ஒன்றுதான். பத்து அங்குல பிளேடை 45 டிகிரிக்குச் சாய்த்தால்தான் குணம் தெரியும். பலகையை அணைத்து நகர்த்தும் ஃபென்ஸ் வழக்கமாக வலப்பக்கம் இருக்கும். இடச்சாய்வு பிளேடு அதைவிட்டு விலகும். வலச்சாய்வு அதன் மேலேயே கவியும்.

பட்டறைகளில் பெயர்பெற்ற டெல்டா யூனிசா 1939இல் வந்தபோது வலச்சாய்வுதான். பக்கத்துத் தெருப் பெரியவர் ஒருவர், வேறொரு பழைய வலச்சாய்வு ரம்பத்தைச் சல்லிசாகக் கொடுத்தார். “நாற்பது வருஷம்!” என்று பத்து விரலையும் விரித்துக் காட்டினார். இதைவிட நல்ல வாரண்டி ஏது? சாய்த்து அறுக்கும்போது ஃபென்ஸை இடப்பக்கம் மாற்றச் சொன்னார். மண்டையை ஆட்டினேன், மண்டையில் ஏறவில்லை.

முதல் சாய்வு அறுப்பு. ஃபென்ஸ் வலப்பக்கமே. மேப்பிள் துண்டு, சாய்ந்த பிளேடுக்கும் ஃபென்ஸுக்கும் இடுக்கில் மாட்டிக்கொண்டது. கொஞ்சம் திரும்பியதுதான் தாமதம், பின்பக்கப் பற்கள் அதைக் கவ்வித் தூக்கி நான் நிற்கும் திசைக்கே வீசின. நல்லவேளை, ஓரமாக நின்றிருந்தேன். என் இடுப்பை உரசாத குறையாகப் பறந்து கராஜ் கதவில் மோதியது. கதவில் விழுந்த பள்ளம் அச்சு அசலாக ‘உ’. பிள்ளையார் சுழி போட்டாயிற்று.

மறு மாதமே இடச்சாய்வு ரம்பத்துக்கு மாறினேன். பரம சாது, எதையும் வீசவில்லை. ஒரே குறை, பொய் சொல்லும். இதில் பிளேடு அண்டி நிற்கும் விளிம்பு இடப்பக்கம். 3.2 மி.மீ. பிளேடைக் கழற்றி 2.4 மி.மீ. மெல்லிசு பிளேடை மாட்டினால், வெட்டும் முகம் ஃபென்ஸை விட்டு 0.8 மி.மீ. தள்ளிப்போகும், ஸ்கேலோ பழைய கணக்கையே காட்டும். வலச்சாய்வில் விளிம்பு ஃபென்ஸ் பக்கமே இருப்பதால், பிளேடு மாறினாலும் வாக்கு மாறாது. ஆக, ஒன்று உண்மை பேசும், உதைக்கும். இன்னொன்று உதைக்காது, உண்மை பேசாது. எங்கள் ஆபீஸிலும் இப்படி இரண்டு மேனேஜர்கள் உண்டு.

மாடம் முடிந்ததும் அம்மாவுக்கு வீடியோவில் காட்டினேன்.

“நம்ம பிள்ளையாருக்குத் தும்பிக்கை எந்தப் பக்கம்டா?”

“இடப்பக்கம்மா.”

“அப்போ சரி. வலம்புரின்னா நியமம் தப்பவே கூடாது, தப்பினா பொறுக்க மாட்டார். இடம்புரி சாது. சின்னச் சின்னக் குத்தம் குறையைக் கண்டுக்க மாட்டார்.”

ரம்பம் வாங்கும் முன் நான் போன் போட்டிருக்க வேண்டிய ஆள் இவர்தான்.

“அது இருக்கட்டும், மாடக் கதவு ஏண்டா திறந்தே கிடக்கு?”

மெல்லிசு பிளேடில் அறுத்த இரண்டு கதவும் தலா 0.8 மி.மீ. கூடிப்போய், நடுவில் முட்டிக்கொண்டு நின்றன.

“எந்நேரமும் தரிசனம் கிடைக்கட்டும்னுதாம்மா.”