பாஸ் பிடிக்கப் போனவர்

மலையகத்தில் பாஸ் கிடைப்பது லேசுப்பட்ட காரியமில்லை. குசினிச் சுவர் ஈரம் குடித்து உப்பிக் கிடக்கும், கூரைத் தகரத்தில் ஓட்டை விழுந்திருக்கும். ஒரு மேசன் பாஸைப் பிடிக்கப் போனால், அட்வான்ஸை வாங்கிக்கொண்டு "நாளைக்கு வாறேன்" என்பார். அந்த நாளை தீபாவளிக்குப் பிறகும் வராது. அதனால்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில், தோளில் நீளப் பையோடு படியிறங்கிக்கொண்டிருந்தவரைப் பார்த்து "எங்க தம்பி கெளம்பிட்டீங்க?" என்று பக்கத்துக் காம்பரா அம்மா கேட்க, அவர் "பாஸ் பிடிக்க" என்று சொல்ல, அந்த அம்மாவின் முகம் அப்படி மலர்ந்தது.

"கெடைச்சா நம்ம வீட்டுக்கும் ஒரு நடை கூட்டிட்டு வாங்க தம்பி. கூலி பேசிக்கலாம்."

பாஸ் என்ற சொல்லை ஒல்லாந்தர் எங்களிடம் விட்டுப் போனார்கள். மேசன், ஆசாரி, மெக்கானிக் எல்லோரும் எங்களுக்கு பாஸ்தான். தம்பி தேடிப் போனது வேறு பாஸ்: அமெரிக்க ஏரிகளில் வாழும் பெரியவாய் மீன். பச்சை உடம்பு, பக்கவாட்டில் கறுப்புக் கோடு, வாயைத் திறந்தால் பிளவு கண்ணைத் தாண்டிப் போகும். எங்கள் காசல்ரீ நீர்த்தேக்கத்தில் திலாப்பியா உண்டு, கெண்டை உண்டு. இந்தப் பெரியவாய்க்காரரை ஒருவரும் கண்டதில்லை. அது தம்பிக்கும் தெரியும். தெரிந்துதான் போகிறார்.

இப்படி ஒருவர் இப்போது அநேகமாக எல்லாத் தோட்டத்திலும் இருக்கிறார். நான் சொல்லும் தம்பிக்கு முப்பது வயது இருக்கும். கட்டாரில் நாலு வருடம் இருந்துவிட்டு வந்து, நோர்வூட் ஸ்டாண்டில் திரீவீல் ஓட்டுகிறார். ஹயர் கிடைக்காத மத்தியானங்களில் பின்சீட்டில் காலை நீட்டிப் படுத்து, தொலைபேசியில் அமெரிக்கர்கள் மீன் பிடிப்பதைப் பார்ப்பார். அவர்களின் படகு மினுமினுக்கும். கறுப்புக் கண்ணாடி போட்டிருப்பார்கள். மீன் கடித்ததும் இடி விழுந்தவர்களைப் போல உடம்பு முழுவதையும் பின்னால் வீசித் தூண்டிலை இழுப்பார்கள். பார்த்துப் பார்த்துத் தம்பிக்கும் அந்த இழுப்பு வந்துவிட்டது. சந்தியில் யாராவது "தம்பி, ஹயர் போவீங்களா?" என்று முதுகைத் தட்டினால் போதும், அரையடி பின்னால் பாய்ந்துதான் திரும்பிப் பார்ப்பார்.

படகு வாங்க வழியில்லை. கண்ணாடி வாங்கியாயிற்று. மிச்சக் காசெல்லாம் ரப்பர்ப் புழுவுக்குப் போகிறது.

ரப்பர் என்பது நாங்கள் சொல்லும் பேச்சுக்கு. உண்மையில் அது எண்ணெய் கலந்து இளக வைத்த பிளாஸ்டிக். அமெரிக்காவின் அக்ரன் நகரத்தில் நிக் கிரீம் என்பவரும் அவர் மனைவியும் 1949-ல் வீட்டு அடுப்பில் காய்ச்சி, அச்சில் வார்த்து எடுத்த புழுவிலிருந்துதான் இந்தக் குடும்பம் பெருகியது என்று தம்பி எனக்குப் பாடம் எடுத்திருக்கிறார். ஒரு காலத்தில் நான் அவருக்கு ஆறாம் வகுப்பில் சமூகக்கல்வி எடுத்தவன். அப்போது ஒரு வருடமும் அவர் ஞாபகத்தில் நின்றதில்லை. இந்த 1949 எப்படி நின்றது என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

அவருடைய பெட்டியை ஒரு நாள் திறந்து காட்டினார். ஐம்பொன் நகைப்பெட்டியைத் திறப்பதுபோல முதலில் அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டார். உள்ளே சின்னச் சின்ன அறைகள். ஓர் அறையில் வால் சுருண்ட புழு, இன்னொன்றில் துடுப்பு வால் வைத்த குட்டி மீன். நண்டு மாதிரி ஒன்று, பல்லி மாதிரி ஒன்று, காலுக்குப் பதிலாகக் குஞ்சம் தொங்கும் தவளை ஒன்று. "இதுதான் சேர், செங்கோ" என்று கடைசியாக ஒன்றை எடுத்துக் கையில் வைத்தார். கேரி யமமோட்டோ என்பவர் உருவாக்கிய புகழ்பெற்ற ரகமாம். கண் இல்லை, வால் இல்லை, கால் இல்லை. மூடி கழன்ற பேனா மாதிரிக் கிடந்தது.

"இது என்னப்பா செய்யும்?"

"ஒன்னும் செய்யாது சேர். அதுதான் இதோட வெசேசம். தண்ணியில போட்டா சும்மா நடுங்கிக்கிட்டே எறங்கும். நாமளும் சும்மா இருக்கணும்."

சும்மா இருப்பதற்கும் காசு கொடுத்துப் பொருள் வாங்கவேண்டிய காலம் வந்துவிட்டதே என்று நினைத்துக்கொண்டேன்.

நிறங்களின் கதை வேறு. 'வோட்டர்மெலன்', 'கிரீன் பம்ப்கின்', 'ஜூன் பக்' என்று அவர் அடுக்கிக்கொண்டு போக, கொழுந்துக்கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்த அவருடைய அம்மா பொறுமையாகக் கேட்டார். பிறகு என்னிடம் அர்த்தம் கேட்டார். வத்தகப்பழம், பச்சைப் பூசணிக்காய், ஜூன் மாத வண்டு என்றேன். "மரக்கறியாத் திங்கிற மீனா சேர்?" என்றார் அந்த அம்மா. வாசனையும் உண்டு. மீன் கடித்ததும் துப்பிவிடாமல் இருக்க, சிலவற்றில் பூண்டு வாசனை சேர்க்கிறார்கள், சிலவற்றில் பெருஞ்சீரகம். செங்கோவில் உப்பு நிறையக் கலந்திருக்கிறது; அந்தக் கனத்தில்தான் அது தானாகத் தண்ணீரில் இறங்குகிறது. உப்பு, பூண்டு, பெருஞ்சீரகம். கொஞ்சம் புளி மட்டும் இருந்தால் குழம்புக்கு மீனே தேவைப்படாது.

அந்த உப்பால் ஒரு சம்பவமும் நடந்தது. மழைக்காலத்தில் ஒரு நாள் மலையிலிருந்து வந்த அம்மா, வாசற்படியில் கறுப்பாக, ஈரமாக ஒன்று நெளிந்து கிடப்பதைக் கண்டார். முப்பது வருடம் தேயிலைக்குள் நின்றவருக்கு அட்டையைக் கண்டால் யோசனை தேவையில்லை. உள்ளே போய் ஒரு பிடி உப்பை அள்ளி வந்து போட்டுவிட்டு, அது சுருளட்டும் என்று பார்த்துக்கொண்டு நின்றார். அது சுருளவில்லை. இன்னொரு பிடி போட்டார். ஏற்கெனவே உப்பில் பிறந்து உப்பில் வளர்ந்த ஜாதி அது என்று அவருக்கு யார் சொல்வது? தம்பி ஓடி வந்து அதைத் துடைத்து எடுத்துப் பெட்டியில் வைத்தபோது அம்மா சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

இன்னொரு முறை, பெட்டியில் இடம் போதாமல், புழுக்களை அம்மாவின் பிளாஸ்டிக் சோற்றுப் பெட்டியில் போட்டு வைத்தார். இந்தப் புழுவை மென்மையாக வைத்திருக்கிற எண்ணெய் வேறு பிளாஸ்டிக்கோடு ஒட்டிக் கிடந்தால் சிலவற்றைக் கரைத்துவிடும். ஒரு வாரம் கழித்துத் திறந்தால் புழுவும் பெட்டியும் ஒன்றுக்குள் ஒன்றாகியிருந்தன. அன்றைக்கு அம்மா தேங்காய் ரொட்டியைக் கடுதாசியில் சுற்றிக்கொண்டுதான் மலைக்குப் போனார்.

இனி அவர் தூண்டில் போடும் அழகு. முள்ளைப் புழுவின் தலையில் குத்தி, வெளியே எடுத்து, திருப்பி, அதன் கூர்முனையைப் புழுவின் உடம்புக்குள்ளேயே ஒளித்து வைப்பார். முன்னால் தோட்டா மாதிரி ஓர் ஈயக்கட்டி. இதற்கு டெக்சாஸ் முறை என்று பெயர். கூர் வெளியே நீட்டாததால் குப்பைக் கூளத்தில் சிக்காது என்பது கணக்கு. இன்னொரு முறையில் புழுவின் நடுவயிற்றில் குத்திவிடுவார். இரண்டு பக்கமும் தொங்கும், கொடியில் காயப்போட்ட காற்சட்டை மாதிரி. அந்த முறைக்கு இங்கிலீசில் 'கிறுக்கு' என்ற அர்த்தத்தில்தான் பெயர் வைத்திருக்கிறார்களாம். நேர்மையானவர்கள்.

பாஸ் மறைவிடத்தை விரும்பும் மீன். முங்கிய மரக்கட்டை, பாறை, சுவர் எங்கே இருக்கிறதோ அங்கேதான் பதுங்கும் என்று அமெரிக்கர்கள் சொல்கிறார்கள். இதைக் கேட்டதும் தம்பிக்கு மஸ்கெலியா ஞாபகம் வந்துவிட்டது. 1969-ல் மவுசாகலை அணைக்கட்டு முடிந்தபோது பழைய மஸ்கெலியா டவுனே தண்ணீருக்குள் போனது. கோயில், பன்சலை, பள்ளிவாசல், கடைத்தெரு எல்லாம் உள்ளே. "மத்த நாட்டுக்காரன் மீனுக்காகக் கட்டையத் தேடிப் போடுறான் சேர். நாம ஒரு டவுனையே போட்டு வச்சிருக்கோம். இதுக்கு மேல பாஸுக்கு என்ன வேணும்?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. என் மாமனார் அந்த டவுனில் சலூன் வைத்திருந்தவர்.

ஒரு முறை அங்கே அவருடைய தங்கூசி விறைத்து நின்றது. கம்பு வளைந்தது. இருபது நிமிடம் கரையில் முன்னும் பின்னும் ஓடினார். மறுபக்கத்தில் இருந்தது அசையவே இல்லை. கடைசியில் நூல் அறுந்தது. "பத்துக் கிலோவுக்குக் கொறையாது" என்றார். அடுத்த கோடையில் தண்ணீர் வற்றி, பழைய கோயில் வெளியே தெரிந்தபோது எல்லோரும் பார்க்கப் போனோம். பக்கத்தில் ஒரு பட்ட மரத்தின் கட்டை. அதில் வத்தகப்பழ நிறத்தில் மூன்று, கறுப்பில் இரண்டு, வால் சுருண்டது ஒன்று, நேர்த்திக்கடனுக்குத் துணி முடிந்து வைத்ததுபோலத் தொங்கிக்கொண்டிருந்தன. தம்பி செருப்பைக் கழற்றிவிட்டுப் போய் ஒவ்வொன்றாகக் கழற்றினார். ஒரு கிழவி அதைப் பார்த்து, எதற்கும் இருக்கட்டும் என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

தோல்விக்கு அவரிடம் காரணப் பஞ்சம் கிடையாது. காற்றழுத்தம் இறங்கிவிட்டது, நிலா வளர்கிறது, தண்ணீர் தெளிவாக இருக்கிறது, தண்ணீர் கலங்கிவிட்டது, இன்றைக்கு ஜூன் வண்டு போட்டிருக்கக் கூடாது. 'மீன் இல்லை' என்ற காரணம் மட்டும் அந்தப் பட்டியலில் வராது. கரையில் பத்தடி தள்ளி ஒரு தாத்தா மூங்கில் கம்போடு குந்தியிருப்பார். தகர டின்னில் மண்புழு, மடியில் வெற்றிலை. அரை மணிக்கு ஒரு திலாப்பியாவை இழுத்து ஓலைப்பையில் போடுவார். "தம்பி, நம்ம புழு ஒன்னு போட்டுப் பாரேன்" என்று ஒரு நாள் டின்னை நீட்டினார். தம்பி கும்பிட்டு மறுத்துவிட்டார். பாஸைப் பிடித்தால்கூடப் படம் எடுத்துவிட்டுத் தண்ணீரிலேயே விட்டுவிடுவதுதான் முறை என்றும் விளக்கினார். தாத்தா வெகுநேரம் யோசித்தார். "அப்ப இப்பவே விட்டுட்ட மாதிரித்தானே?" என்றார்.

கீழே அநுராதபுரம் பக்கத்துக் குளங்களுக்குப் போ, லூலா என்கிற விரால் ரப்பர்த் தவளையைப் பாய்ந்து விழுங்கும் என்று நானே சொல்லிப் பார்த்தேன். மட்டக்களப்பு வாவியில் கொடுவா இருக்கிறது, அதற்கும் இங்கிலீசில் பாஸ் என்ற பட்டம் உண்டு, இந்தத் துடுப்பு வால் குட்டிமீன் அதற்கு நன்றாகவே ஒத்துவரும் என்றேன். "அது கடல் பாஸ் சேர், வேற சொந்தம்" என்று தள்ளிவிட்டார். பிடிபடக்கூடிய மீனிடம் அவருக்கு மரியாதை இல்லை.

ஒன்று சொல்லவேண்டும். இல்லாத மீனுக்கு ஏங்கிய முதல் ஆள் இவரல்ல. 1880களில் வெள்ளைக்காரத் துரைமார் ட்ரவுட் மீனின் முட்டைகளைச் சீமையிலிருந்து கப்பலில் கொண்டுவந்து, பொரிக்க வைத்து, நுவரெலியா ஓடைகளில் விட்டார்கள். ஊர் ஞாபகம்தான். 1896-ல் அதற்கென்று சிலோன் ஃபிஷிங் கிளப் என்று ஒரு கிளப்பும் வைத்துக்கொண்டார்கள். முதலில் மீன், பிறகு கிளப். எங்கள் தம்பி வரிசையை மாற்றிவிட்டார். முதலில் இரை, பிறகு கண்ணாடி, மீன் பாக்கி. துரைமாருக்குக் கப்பல் இருந்தது, இவருக்கு திரீவீல் இருக்கிறது என்பதைத் தவிர எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

ஒரு பாக்கெட் புழுவின் விலை அம்மாவின் ஒரு நாள் பேருக்கான சம்பளத்தைவிடக் கூட. நாள் சம்பளம் 1000 ரூபாயாக 2021-ல் வர்த்தமானியில் வருவதற்குள் நாங்கள் எத்தனை வருடம் ரோட்டில் நின்றோம் என்பது ஊருக்குத் தெரியும். அந்தக் காசில் பூசணிக்காய் நிறத்தில் புழு வாங்குவதா என்று நானும் ஒரு காலம் கோபப்பட்டேன். அம்மாவிடமே சொன்னேன். அவர் அடுப்பை ஊதிக்கொண்டே, "அவங்க தாத்தா பசிக்குப் புடிச்சாரு, அவங்கப்பா கறிக்குப் புடிச்சாரு. இவன் சும்மா புடிக்கிறான். ஒருத்தனாவது சும்மா புடிச்சிட்டுப் போகட்டுமே சேர்" என்றார். நாங்கள் மலையேறி 200 வருடம் என்று 2023-ல் ஊர்வலம் போனோம், மேடை போட்டோம். நானும் ஒரு மேடையில் முக்கால் மணி நேரம் பேசினேன். இந்த ஒரு வரி எனக்கு அப்போது கிடைக்கவில்லை.

போன மாதம் நான் ஒரு தப்புச் செய்தேன். உலகத்திலேயே பெரிய பாஸை எந்தப் புழுவால் பிடித்தார்கள் என்று தேடிப் பார்த்தேன். 1932-ல் அமெரிக்காவின் ஜோர்ஜியாவில் ஜோர்ஜ் பெரி என்ற விவசாயி 22 இறாத்தல் 4 அவுன்சில் ஒன்று பிடித்தார், மரத்தால் செய்த இரையில். படம் பிடித்து விட்டுவிடவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சமைத்துச் சாப்பிட்டார்கள். 77 வருடம் கழித்து, 2009-ல் ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிட்டா என்பவர் அதைவிட ஓர் அவுன்சுக்கும் குறைவான வித்தியாசத்தில் பெரிதாக ஒன்று பிடித்தார். வித்தியாசம் போதாது என்று இருவருக்கும் சாதனையைப் பங்கு வைத்துவிட்டார்கள். குரிட்டா போட்டது புளூகில் என்ற உயிர் மீனை. ஆக, இரண்டிலும் ரப்பர்ப் புழு இல்லை.

இதைத் தம்பியிடம் சொன்னேன். திரீவீலின் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி வெகுநேரம் பேசாமல் இருந்தார். இந்த மனுசனின் மனதை உடைத்துவிட்டோமே என்று எனக்குச் சங்கடமாகிவிட்டது.

நேற்று வீட்டுக்கு வந்து, பையிலிருந்து ஒரு பாக்கெட்டை எடுத்து மேசையில் வைத்தார். ரப்பர்ப் புளூகில். இரண்டு நிறத்தில் வாங்கியிருக்கிறார்.